ஆயுத பூஜையன்று பாப்பாவுக்கு வந்த வயிற்றுவலி

என் அண்ணாவுக்கு, பாப்பாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தங்கச்சி எழுதுவது.

நீ இல்லாத முதல் ஆயுத பூஜை முடிந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கம்பெனி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பெண் கேட்டாள். உயிரோடு இருந்தபோது மட்டும் நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டானா என்று திருப்பிக் கேட்டேன். இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பாப்பா ஒரு குதிரை. இப்போது பதினைந்து வயசுக் கிழவி, அதற்குப் பாப்பா என்று பேர் வைத்தது நீதான். பந்தயத்தில் ஓடியபோது அதற்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பேர் இருந்தது. முன்னங்கால் நரம்பு கெட்டு இனி ஓடாது என்று ஒதுக்கினபோது, சென்னை லாயத்தில் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டி வந்த நீ அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிள்ளைப்பாக்கத்துக்கே வந்துவிட்டாய். அப்புறம் கம்பெனி பஸ் ஓட்டினாய். கல்யாணமே வேண்டாம் என்ற அண்ணனும், கட்டினவனை விட்டு வந்த தங்கச்சியும் இருந்த வீட்டில் மூன்றாவதாக அது சேர்ந்துகொண்டது.

வந்த அன்றைக்கு ஞாபகம் இருக்கிறதா? பின்னால் இருந்த காலி மனைகளில் கொண்டுபோய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாய். பறந்துவிடும் என்று தெருவே ஒதுங்கி நின்றது. அது நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. யாராவது வந்து பிடித்துக்கொள்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. புல்லைத் தானே குனிந்து மேய ஒரு வாரம் ஆயிற்று. எனக்கு அழுகை வந்தது, உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு முறை ஆசைப்பட்டு மாப்பிள்ளை அழைப்புக்குக் கூட்டிப்போனாய். வேட்டுச் சத்தத்தில் மிரண்டு, உடம்பெல்லாம் நுரைத்துத் திரும்பி வந்தது. இது ஓடின ஓட்டம் போதும் என்று சொல்லிவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை பேர் கேட்டும் நீ கொடுக்கவில்லை.

இப்போது சொல்கிற செய்தியைக் கொஞ்சம் பதறாமல் கேள். அதே பாப்பாவைக் கல்யாணச் சாரட் வண்டிக்கு விற்றுவிட நான் தரகரை வரச் சொல்லியிருந்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் வருவதாகப் பேச்சு. என்ன செய்யச் சொல்கிறாய்? பின்னால் இருந்த மனைகளுக்கு மதில் எழுப்பிவிட்டார்கள். எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பகலெல்லாம் அது கொட்டகையில் கட்டிக் கிடந்தது. நான் வரும்போது தண்ணீர்த் தொட்டி காய்ந்திருக்கும், என்னைப் பார்த்துக் கனைக்கக்கூடச் செய்யாது. நாலு குதிரைகளோடு இருந்தாலாவது அதற்கு ஒரு துணை கிடைக்குமே என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பூஜையன்றைக்கே ஒரு கூத்து நடந்தது. உனக்குத்தான் தெரியுமே, அன்றைக்கு நம் பக்கத்தில் சக்கரம் உள்ளது எதுவும் பொட்டு வைக்காமல் நகராது. நம் வீட்டுக்குப் பின்னால் வாடகை அறைகளில் இருக்கிற தெற்கத்திப் பையன்கள் பைக்குகளைக் கழுவி வரிசையாக நிறுத்தினார்கள். வரிசைக் கடைசியில் பாப்பாவையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. நாலு காலுக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம். பாப்பா ஒன்றைக்கூட மிதிக்காமல் ஓரமாக நடந்து போனது. அவர்களில் மூத்தவன் சுடலை, "எக்கா, இதுக்கு மட்டும் லைசென்ஸ் குடுக்கலாம்க்கா" என்றான். நானும் சிரித்தேன்.

நீ இருந்தபோது ஒவ்வொரு வருஷமும் பூஜை முடிந்த கையோடு அதற்குக் கயிற்றில் பின்னின வாய்க்கூடு ஒன்றைக் கட்டிவிடுவாய், களத்தில் போரடிக்கிற மாட்டுக்குக் கட்டுவது போல. அதில் பூவும் செருகுவாய். கேட்டால் திருஷ்டிக்கு என்பாய். நானும் அலங்காரம் என்றே நம்பிவிட்டேன். நல்ல நாளில் வாயைக் கட்டுவானேன் என்று இந்த வருஷம் அதை எடுக்கவில்லை. அது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா?

அன்றைக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பொரியும் பொட்டுக்கடலையும் ஸ்வீட்டும் கொடுத்திருந்தார்கள். அறைக்கு ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. போகிறவன் வருகிறவன் எல்லாம் வாய் கட்டாத பாப்பாவுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்திருக்கிறான். மத்தியானம் பார்த்தால் அது முன்காலால் தரையைத் தோண்டுகிறது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது, படுக்கிறது, எழுந்திருக்கிறது.

"இன்னாடா குடுத்தீங்க இதுக்கு?" என்று கத்தினேன்.

சுடலை வெளிறிப்போய் நின்றான். "பொரிதாம்க்கா. லேசான சாமான்தானன்னு ஆளுக்குக் கொஞ்சம்... சாமிக்குப் படைச்சதுதாம்க்கா."

லீவு நாள் என்றாலும் மாட்டு டாக்டர் போனை எடுத்தார். நெற்றிச் சந்தனம் காயாமல் பைக்கில் வந்து இறங்கினார். "மாடுன்னா தினமும் பாக்குறேன். குதிரை எனக்கும் அபூர்வம்மா," என்று சொல்லிவிட்டு, குதிரை வைத்தியம் தெரிந்த சிநேகிதர் ஒருவரிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் மருந்து ஊற்றினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாந்தி எடுத்துட்டா சரியாயிடுமா சார்?" என்று கேட்டேன்.

"குதிரைக்கு வாந்தி எடுக்க வராதும்மா. உள்ளே போனது பின்னால வந்தாத்தான் பிழைக்கும். படுத்துப் புரள விடாதீங்க, குடல் முறுக்கிக்கும். மெதுவா நடத்திக்கிட்டே இருங்க."

நடத்தினோம். எனக்குக் கால் ஓய்ந்தபோது சுடலை கயிற்றை வாங்கினான். அவன் ஓய்ந்தபோது இன்னொருவன் வந்தான். யாரும் யாரையும் ஏவவில்லை. அன்றைக்கு ஊருக்குப் போக பஸ்ஸில் இடம் பிடித்திருந்தவன்கூடப் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றான். தெரு முழுக்கச் சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது, அதன் கீழே நாங்கள் ஒரு குதிரையைப் போகவும் வரவும் நடத்திக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு தடவை பாப்பா முட்டி மடக்கி உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்த என் மடியில் முகத்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. போய்விட்டது என்றே நினைத்தேன். உன் பேரைச் சொல்லித் திட்டினேன், அண்ணா. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். பையன்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் தள்ளியும் எழுப்பி நிறுத்தினார்கள்.

நன்றாக இருட்டினபின் பாப்பா வாலைத் தூக்கியது. லத்தி விழுந்தது. சுடலை விசில் அடித்தான். டாக்டர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பயமில்லம்மா" என்றார். ஒரு குதிரை லத்தி போட்டதற்கு இருபது பேர் கை தட்டினதை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் சொன்னபடி தரகர் வந்தார். பல்லைப் பார்த்தார், முன்னங்காலைத் தடவினார்.

"கால் வீங்கிக்கீதும்மா. பரவாயில்ல, ஊசி போட்டுக்கினு ரெண்டு முகூர்த்த சீசன் ஓட்டிக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாம்மா. யாருன்னா கேட்டா தள்ளிவுட்டுட வேண்டியதுதான்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழுப்பாமல் உண்மையைச் சொன்னார். டீ போட்டுக் கொடுத்து, கொடுப்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன். சரிம்மா என்று போய்விட்டார்.

அவர் போனதும் சுடலை வந்து, மறுபடியும் அதை விற்க யாரிடமாவது பேசுவீர்களா என்று கேட்டான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே தம்பி என்றேன். "நாங்க மூணு ஷிப்டுலயும் இருக்கோம்க்கா. எப்பவும் எவனாவது ஒருத்தன் ரூம்ல தூங்கிட்டுத்தான் கெடப்பான். அவன எழுப்பி வுடுங்க" என்றான். அன்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி காயவில்லை. ஏரிக்கரைப் பக்கம் தினமும் ஒருவன் நடத்திக்கொண்டு போகிறான். இவர்களும் ஒருநாள் வேலை மாறிப் போய்விடுவார்கள், தெரியும். அப்போது வேறு யாரையாவது கேட்பேன். கேட்க எனக்கென்ன வெட்கம்?

அண்ணா, ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உனக்கு நெஞ்சு வலித்தபோது நான் லைனில் நின்றிருந்தேன். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வந்து சொல்லி, ஷேர் ஆட்டோ பிடித்து நான் வந்தபோது உன்னைப் படுக்க வைத்து முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார்கள். கடைசியில் யாரைத் தேடினாயோ, தெரியாது. அங்கே இருந்தவர்களிடம் அதைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பாப்பாவுக்கும் ஒருநாள் வரும். அன்றைக்கு சூப்பர்வைசரிடம் நான் லீவு கேட்க மாட்டேன், சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அது கண்ணைத் திறந்து தேடினால் நான் பக்கத்தில் இருப்பேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
விஜயா