சட்டத்தில் மாற்றிய ஒரு சொல்

அன்புள்ள தம்பிக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? சிறைவாசலில் தைலம் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டாயா, தெரியவில்லை.

வனச்சட்டக் குழுவில் நம் பழங்குடிச் சனங்கள் சார்பில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். ‘மக்களின் சம்மதம் பெற்று’ என்றிருந்ததைக் கடைசி நாளில் ‘மக்களிடம் கருத்துக் கேட்டு’ என்று மாற்றினார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சட்டமே வராது என்றார் செயலாளர். பதினொரு வருட அலைச்சல். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

“கேக்கறது வேற, சம்மதம் வாங்கறது வேறக்கா,” என்றாய் நீ.

“அஞ்சாவது படிச்சவன் எனக்குச் சட்டம் சொல்லித் தராத,” என்றேன். அதை நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

நீ கைதான பிறகுதான் சுரங்க அனுமதிக் கோப்பைப் பார்த்தேன். நம் காட்டில் சுரங்கம் தோண்டுவதற்காக அதிகாரிகள் வந்து ஊரில் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார்கள். நூற்று நாற்பது பேரும் வேண்டாம் என்றதை ஒருவர் விடாமல் அழகாக எழுதி, கீழே ‘கருத்துக் கேட்கப்பட்டது’ என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். அடுத்த வாரமே இயந்திரம் வந்திருக்கிறது. நீ அதன் முன்னால் போய்ப் படுத்திருக்கிறாய்.

நேற்றுக் குழுவிலிருந்து விலகினேன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, கையெழுத்துப் போட்டது என் தவறு என்று சொன்னேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

வெளியே வந்ததும் வீட்டுக்கு வா. திட்டுவதற்காவது வா.

உன் அக்கா