கத்திரிக்காய் மேல் இருந்த வழக்கு

அண்ணி,

பக்கத்து வீட்டில் இன்று கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறார்கள். வாசனை சுவரைத் தாண்டி வந்து என் மேசைமேல் உட்கார்ந்துவிட்டது. வேறு வேலை ஓடவில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. எழுத வேண்டியதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் அண்ணன் என்று கூப்பிட்ட உங்கள் வீட்டுக்காரரும் நானும் தொழிற்சாலையில் ஒரே இடத்தில் வேலை. அயனம்பாக்கத்திலிருந்து நீங்கள் மருமகளாக வந்த சில மாதங்களில், ஒரு காலையில் அண்ணனின் உதடு பூரிபோல் வீங்கியது. அரிப்பில்லை, தடிப்பில்லை, வீக்கம் மட்டும். இரண்டு மூன்று நாளில் தானே வடிந்தது. பிறகு கண் இமை, பிறகு கை. கல்யாணத்துக்கு முன்பும் அவருக்கு இப்படி வந்ததுண்டு. அதையெல்லாம் உங்கள் மாமியார் குளவியின் பேரில் எழுதியிருந்தார். இப்போது குளவிக்குப் பதில் மருமகள் கிடைத்தாள்.

"இவ கத்திரிக்கா கொயம்பு வெச்சா எம்புள்ள வீங்கிப் பூடறான்" என்பது அவருடைய தீர்ப்பு. குவார்ட்டர்ஸ் கூடி அதை உறுதி செய்தது; ஆளுக்கொரு பத்தியமும் சேர்த்தது. கருவாடு போயிற்று, முட்டை போயிற்று, தக்காளி போயிற்று. என் மனைவியின் பங்கு முருங்கைக்காய். கடைசியில் அண்ணன் வெறும் கஞ்சியைக் குடித்துக்கொண்டே வீங்கினார். டிஸ்பென்சரியில் ஒவ்வாமைக்கு ஊசி போட்டார்கள். மாமியார் விபூதி போட்டார். வீக்கம் தன்பாட்டில் வடிந்தபோது ஊசியும் விபூதியும் பெருமையைப் பங்கிட்டுக்கொண்டன. பழியை மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

"இன்னொரு வாட்டி வீங்கட்டும், உன்ன ஒங்க ஆத்தா ஊட்ல வுட்டுட்டுத்தான் மறுவேல" என்று குழாயடியில் அறிவித்தார் மாமியார். நீங்கள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னீர்கள்: "கத்திரிக்கா முத்துனா கடைக்கு வந்துதான ஆவணும், அத்தே. பாப்போம்." அலட்டிக்கொள்ளாமல்தான் நடந்தீர்கள். புடவைகளைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தீர்கள் என்பதை என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

அந்த இன்னொரு வாட்டி, அண்ணன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த நாளில் வந்தது. முதலில் கன்னம். பிறகு நாக்கு. பிறகு குரல் போயிற்று. மாமியார் எலுமிச்சம்பழம் சுற்ற ஆயத்தமானார். நீங்கள் எங்கள் கதவை உடைக்காத குறையாகத் தட்டினீர்கள். "தம்பி, வண்டி எதுனா இட்டா. மூச்சு இஸ்துகினு கீறாரு."

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் தங்கியது. டாக்டர் வெளியே வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"இவ போட்ட சோறுதான், வேற இன்னா?" என்றார் மாமியார்.

"பல்லு புடுங்குனதுலேர்ந்து பச்சத்தண்ணி எறங்கல, அத்தே. இன்னிக்கு நான் இன்னாத்த போட்டேன், சொல்லு."

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்றார் டாக்டர்.

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் ஒரு நோயும் கெடியாது."

உங்களைப் பெண் கேட்டு வந்தபோதும் மாமியார் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தார். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசும் நாளில் இரு வீட்டு முன்னோர்களும் நோயே இல்லாமல் செத்தவர்களாகிவிடுவார்கள்.

நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "மாமா எப்டி செத்தாரு, அத்தே?"

"ஊருக்கே தெரியுமே. பேய் அறைஞ்சிச்சு."

"எங்க அறைஞ்சிச்சு?"

மாமியார் தன்னை மறந்து தொண்டையைத் தொட்டார். "இங்க. வீங்கிப் பூட்ச்சு." கையை எடுக்காமலே, "அவரு தம்பிக்கும் இங்கதான்."

கிளம்ப இருந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இது ஒவ்வாமை அல்ல, ரத்தத்தில் ஒரு பொருள் பிறவியிலேயே குறைவாக இருப்பதால் பரம்பரையாக வரும் வீக்கம் என்றார். அந்த ஊசிகள் இதற்குக் கேட்காது. தின்றாலும் வரும், தின்னாவிட்டாலும் வரும், பல்லைப் பிடுங்கினால் கட்டாயம் எச்சரிக்கை வேண்டும். ரத்தத்தைச் சோதித்து உறுதி செய்துகொண்டு, ஆண் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் அபூர்வ விருந்தாளியாயிற்று. மாத்திரையால் அண்ணனுக்கு மீசை அடர்ந்ததை மட்டும் மாமியார் விபூதியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து நீங்கள் கத்திரிக்காய்க் குழம்பு தாளித்தீர்கள். குவார்ட்டர்ஸ் முழுவதும் தும்மியது. மாமியார் "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். அவர் வாழ்நாளில் கேட்ட மன்னிப்புகளில் அதுதான் மிக நீளமானது.

வருடங்கள் கழித்து உங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், காப்பி வருவதற்கு முன்பே சொன்னீர்கள்: "எங்க ஊட்டுக்காரரு வம்சத்துல இந்த வீக்கம் கீது. பொண்ணுக்கும் வரலாம். மாத்திர கீது, டாக்டரு கீறாரு. தெரிஞ்சிகினு கட்டுங்க." கட்டினார்கள்.

என் மகளுக்கு வரன் வந்தபோது நானும் அப்படியே செய்தேன். என் தங்கைக்குக் காக்காய்வலிப்பு, என் அப்பா கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாமல் போனவர் என்று, உங்கள் தைரியத்தில் பாதியை வைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன். பையனின் அப்பா எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கதவை லேசாகச் சாத்திவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"நாங்களும் ஒண்ணு சொல்லணும் சார்" என்றார்.

அதற்குப் பிறகுதான், அண்ணி, நாள் பார்த்தோம்.