ரசாக் காக்காவின் தூண்டில் நூல்

அன்பு மகன் எட்சனுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ஜெஸ்பின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் பெலத்தோடு இருக்கிறோம், சலாலாவில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் மாம்பழத்தை ஒளித்துவைத்துத் தின்கிறாள். மழை விடாததால் ரப்பர் பால் வெட்டு நின்று கிடக்கிறது. நீ வெயிலில் வந்த உடனே ஐஸ் வெள்ளம் குடிக்காதே. தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போடுகிறாய், பக்கத்துக் கட்டிலில் சுஹைல் இருக்கிறான். அவன் காதில் சட்டென்று விழக்கூடாத காரியம், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பி வரும் ஜெனோ கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அவன் வாப்பா, நம்ம ரசாக் காக்கா, இனி எழும்பமாட்டார். ஈரல் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுஹைல் போன் பண்ணினால் வெறும் காய்ச்சல் என்று சொல்லிச் சிரிக்கிறார். உம்மா மவுத்தாகி அடக்கத்துக்கு ஓடிவந்துதானே அவனுக்கு முந்தின வேலை போச்சு, என்னாலயும் அவன் பொழப்பு போவாண்டாம், அவன்கிட்ட சொல்லப்பிடாது கேட்டியா ஞானையா என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிவிட்டார். மகள் பாஹிமாவிடமும் அப்படித்தான்.

அந்த மனுஷனுக்குத் தூண்டில் என்றால் உயிர் என்று உனக்கே தெரியும். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் துணிக்கடையைப் பூட்டிவிட்டு, தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருகிற இடத்துப் பாறையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஊரே வலைபோட்டு அள்ளுது, இவரு ஒத்த மீனுக்குத் தவம் கெடக்காரு என்று கடற்கரைக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். நிக்காஹ் அன்றைக்கும் காணாமல் நான்தான் போய்க் கூட்டிவந்தேன், மாப்பிள்ளை கையில் இரைக்கு வைத்த றால் நாற்றம், சுஹைலின் உம்மா நூர்ஜஹான் மைனி சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு மீன்பிடியில் ஒரு கம்பமும் ஆசையும் கிடையாது, அவர் பக்கத்தில் இருக்கத்தான் போவேன். வாயைத் திறந்தால், சும்மா இருலே, மீனு ஓடிப்போவும் என்று ஏசுவார். இப்படிப் பேசாமலே இருந்து பழகின சிநேகம் எங்களுடையது.

போன மாதம் ஒருநாள் கட்டிலில் கிடந்தபடியே தூண்டில் நூலை எடுத்துத் தரச் சொன்னார். பாஹிமா அதை அவர் விரலில் சுற்றி, மறுமுனையை ஜன்னல் வழியே முற்றத்தில் போட்டாள். நான் வெளியே நின்று கரிமீன் கொத்துவதுபோல் மெல்ல இழுத்தேன். ஏலே ஞானையா, கரிமீனா இது, நண்டுல்லா இப்படிப் பிராண்டும் என்று உள்ளேயிருந்து சிரித்தார். அன்றிலிருந்து சாயங்காலம் எனக்கு அதுதான் வேலை. நேற்று இழுத்தபோது சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கழித்து, சுஹைலே, வெளையாடினது போதும், வெள்ளத்த விட்டுக் கரைக்கு ஏறு மக்கா என்றார். சின்ன வயதில் அவன் முங்கிப்போய் வாப்பாவின் நூலை இழுத்து ஏமாற்றுவானே, அந்த நினைப்பு. நான் ஞானையன் என்று திருத்தாமல் இன்னொரு தடவை இழுத்தேன். வந்தியா மக்கா என்று கேட்டார். பாஹிமா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவிட்டாள். இங்கே ஜெஸ்பினும் எழுதாமல் கண்ணைத் துடைக்கிறாள், எழுதுட்டி என்று அதட்ட வேண்டியிருக்கிறது.

சொல்லாதே என்றவரே கூப்பிடவும் செய்கிறார். கூப்பிட்டதைத்தான் நான் கேட்கப்போகிறேன், வாக்கு தவறினது என் தலையோடு போகட்டும். சுஹைலைத் தனியே கூட்டிப்போய், வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுச் சொல். வேலை போனால் போகட்டும் மக்கா. அவன் வரும்வரை வெளியே நின்று நான் இழுத்துக்கொண்டிருப்பேன், உள்ளே அவர் விரல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பார், அம்மாவும் முத்தம் சொல்கிறாள். ஒன்று மறந்துவிடாதே. சுஹைல் வந்ததும் கட்டிலைப் பார்க்க ஓட வேண்டாம். முதலில் ஜன்னல் பக்கம் போய் நூலைப் பிடித்து ஒரு தடவை இழுக்கட்டும். அவர் கூப்பிடுவார். அதன்பிறகு உள்ளே ஏறி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா ஞானையன் (கைநாட்டு)