பச்சைத் தண்ணீரில் போன கறை

மாப்ள,

இன்று காலை ஒரு சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்துவிட்டேன். வேர்வை, மீன் குழம்பு, தலைக்குத் தேய்த்த எண்ணெய் எதுவானாலும் என் மூக்கு சொல்லிவிடும். துருப்பிடித்த ஆணி மாதிரி ஒரு வாடை இதில் அடித்தது. உன் சட்டைக்குப் பிறகு அந்த வாடையை இப்போதுதான் முகர்கிறேன்.

கொண்டுவந்தவள் பக்கத்துத் தெருப் பெண். அவள் வீட்டுக்காரனை ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்து நேற்றுச் சாயங்காலம் விட்டிருக்கிறார்கள். "அண்ணே, அவரு நாளைக்கு வக்கீலப் பாக்கப் போறாரு. நல்ல சட்டை இது ஒண்ணுதான். வெளுத்துக் குடுங்க" என்றாள்.

உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை.

உன்னையும் இப்படித்தான் விட்டார்கள். சிம்மக்கல் மொத்தக் கடையில் சோழவந்தான் வெற்றிலைக் கூடை இறக்கிக்கொண்டிருந்த உன்னை, எவனோ எதையோ திருடினான் என்று ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், "அப்படி ஒருத்தன் இங்க வரவே இல்ல, போய்யா" என்றார் உள்ளே இருந்தவர். அவர் அதைச் சொல்லும்போதே உன் செருப்பு வாசலில் கிடந்தது. இடது வாரில் சிவப்பு நூல் போட்டுத் தைத்தவனே நான்தான், எனக்குத் தெரியாதா? வாயாடி வாயாடி என்று ஊரே சொல்லும் எனக்கு அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நாலாம் நாள் நீ உன் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தாய். "உன் தங்கச்சி என்னை இந்தக் கோலத்துல பாக்க வேணாம் மச்சான்" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு விட்டு உரித்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டேன். நீ தூங்கியதும் சட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன்.

அங்கேதான் நான் பாவம் செய்தது. உப்புப் போட்டு ஊற வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி அலசி எடுத்தேன். தண்ணீர் சிவந்து சிவந்து போனது. நீலம் போட்டுக் காயவைத்து இஸ்திரிப் பெட்டியும் போட்டேன். என் தொழிலில் அப்படி ஒரு வெளுப்பு வெளுத்ததே இல்லை. நீ எழுந்ததும் மாப்பிள்ளைச் சட்டை மாதிரி நீட்டி, "ரெண்டாம் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போலாமா?" என்றேன். "சிரிக்க வைக்காதடா, விலா வலிக்குது" என்றாய்.

எட்டு நாள் கழித்து நீ நடக்கிற அளவுக்கு ஆனதும் வக்கீலிடம் போனோம். நல்ல மனிதர். "ஆஸ்பத்திரிச் சீட்டு எங்க?" என்றார். பத்துப் போட்டோம் என்றேன். "ரத்தக் கறை பட்ட சட்டை?" நீ போட்டிருந்த சட்டையைப் பெருமையாகக் காட்டினேன். "துவைச்சுட்டியாய்யா?" என்று தலையில் கை வைத்தார். "உள்ள இருக்கும்போதே கலெக்டருக்கு ஒரு தந்தி அடிச்சிருந்தா நாளும் நேரமும் அதுல இருந்திருக்குமே. பிடிச்ச ஆளை ஒரு நாளைக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்யா. மூணு நாள் வச்சது அதுலயே மாட்டியிருக்கும்."

நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாய்: "எனக்குப் பணம் காசு ஒண்ணும் வேணாம் மச்சான். நான் அங்க வரவே இல்லன்றானுக. அடிச்சது நெசம்னு கவர்மெண்டு காகிதத்துல ஒரு வரி வரணும். அம்புட்டுத்தான்."

வக்கீல் இரண்டு வழி வைத்தார். கோர்ட்டில் நாமே நேராகப் போடுகிற தனிப் புகார் ஒன்று. போலீஸ் அடித்ததா என்று வருவாய்த் துறை ஆர்.டி.ஓ.வை விசாரிக்கச் சொல்லிக் கலெக்டருக்கு மனு ஒன்று. இரண்டையும் போட்டோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது வகுப்பைத் தாண்டாத நான் சுவரோரமாய்ப் போய் நின்றேன்.

"சட்டைல இருந்தது வெற்றிலைக் கறைன்னு அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. வெற்றிலைக் கூடை தூக்குற ஆள்தானே?" என்றார் ஆர்.டி.ஓ.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "ஐயா, வெத்தலக் கறைன்னா பச்சத் தண்ணில போகாதுங்க, அடிச்சுத் துவைச்சாலும் மஞ்சளா நிக்கும். இது பச்சத் தண்ணில போச்சு. ரத்தம்தான் அப்படிப் போகும். இன்னொண்ணுங்கய்யா, வெத்தல எச்சி பட்டா வெளிய இருந்து உள்ள ஊறும். இது உள்ள இருந்து வெளிய வந்திருந்துச்சு. அதுவும் முதுகுல. எவனாச்சும் தன் முதுகுல, அதுவும் சட்டைக்குள்ள, வெத்தல துப்புவானாங்கய்யா?"

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவே சிரித்துவிட்டார். ஆர்.டி.ஓ. சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். "சட்டையைக் கழற்றுப்பா" என்றார். ஆறிய தழும்புகளை நின்று எண்ணினார்.

ஜெயித்துவிட்டோம் என்று டீக்கடையில் ஆட்டம் போட்டேன். என்ன எழுதினார் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. பைல் மெட்ராஸ் போயிருக்கிறது என்றார்கள். கவர்மெண்டு அனுமதி வந்தால்தான் கேஸ் நடத்தலாம் என்றார்கள். உன்னை அடித்த எஸ்.ஐ.யை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. உனக்கோ வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை, கூடை தூக்க முடியவில்லை. மூத்திரத்தில் ரத்தம் போனதை நீ யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் ஆடி மாதம் போய்ச் சேர்ந்தாய். ஆஸ்பத்திரிச் சீட்டும் இல்லை, சட்டையும் இல்லை என்று சொல்லித் தனிப் புகாரைத் தள்ளினார்கள். நீ கேட்ட அந்த ஒரு வரியை நீ பார்க்கவே இல்லை. உனக்கு உடுத்திவிட்ட வேட்டியையும் நான்தான் வெளுத்தேன்.

இன்று காலை அந்தப் பெண்ணிடம், "துவைக்க மாட்டேன் தாயி" என்றேன். "ஏண்ணே, கூலி குடுக்க மாட்டேன்னு நெனச்சீகளா?" என்று சண்டைக்கு வந்தாள். உன் கதையைச் சொன்னேன். அழுதாள். சட்டையை மடிக்காமல் பேப்பரில் சுற்றினேன். அவள் வீட்டுக்காரனை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர், "எப்படி அடிபட்டது?" என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான். "கீழே..." என்று ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன். "மாடிப்படியே இல்லாத வீட்டுல எங்கிட்டுடா விழுந்த? நடந்ததச் சொல்லு." சொன்னான். ஸ்டேஷன், இரண்டு நாள், அடித்தவர் யார், எல்லாம்.

டாக்டர் இங்கிலீஷில் எழுதினார். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. "சார், என்ன எழுதிருக்கீகன்னு கொஞ்சம் வாசிங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்: "போலீஸ்காரங்க அடிச்சதா சொல்றார்னு எழுதியிருக்கேன். போதுமா?"

"இன்னொரு தடவ வாசிங்க சார்" என்றேன். வாசித்தார்.

அது உன் பெயரில் வந்த வரி இல்லை மாப்ள. அந்த இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னது மட்டும் உனக்காக.

சட்டை இப்போது தேய்ப்பு மேசைக்கு மேலே, ஆணியில், பேப்பரோடு தொங்குகிறது. நாளைக்கு வக்கீலிடம் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தன்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிறது. இழுத்து இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.