ஒரு சாண் ரப்பர் குழாய்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஓட்டம் 31. செனான் இருபத்தொன்பதாவது நிமிடத்திலேயே வெளியே வந்துவிட்டது. போன மாதம் நாற்பத்தொரு நிமிடம் தாங்கியது.

எங்கள் பொடியின் வேலை எளிது. கட்டுரைகளில் அதற்கு உலோக-கரிமச் சட்டகம் என்று பெயர். ஆய்வகத்தில் வெறும் பொடி. ஒவ்வொரு துகளிலும் எண்ண முடியாத துளைகள், செனான் அணு கச்சிதமாக உட்காரும் அளவில். கிரிப்டானும் செனானும் கலந்த வாயுவை உள்ளே விட்டால் கிரிப்டான் நழுவி ஓடிவிடும், செனான் மாட்டிக்கொள்ளும். எத்தனை நிமிடம் மாட்டியிருக்கிறதோ அதுதான் மதிப்பெண். பிறகு ஹீலியம் விட்டுக் கழுவிவிட்டு அடுத்த ஓட்டம்.

இன்றைக்கு இந்த இரண்டையும் பிரிப்பவர்கள் கடும் குளிரில் திரவமாக்கித்தான் பிரிக்கிறார்கள். அவ்வளவு மின்சாரம் குடித்த வாயு என்ன விலை விற்கும்? அக்கா அறுவை அரங்கில் நர்ஸ். செனான் மயக்க மருந்தாகவும் பயன்படும். "தனி ரூம்காரங்களுக்குத்தான் அந்த சிலிண்டரத் திறப்போம். பொது வார்டு ஆளுன்னா ஓரமாத் தள்ளி வெச்சிருவோம்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், ஏதோ நாற்காலியை நகர்த்தி வைப்பது போல. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 20 மதிப்பாய்வு. நூறு ஓட்டம், எண் விழாமல். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி

திட்டத் தலைவர் மேடம் கூட்டம் போட்டார். "ஏன் விழுது?" நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"ஒன்பதாவது ஓட்டத்துக்கு ரெண்டாம் ஈட்டுப் பொடி போட்டோம். அதுலேர்ந்துதான் விழுது. லேப் நோட்ல வேற எந்த மாற்றமும் இல்ல."

பொடியை ஈடு ஈடாகச் செய்பவர் பொடி அண்ணன். ஆறு வருடமாக ஒப்பந்த ஊழியர். "அதே சட்டி, அதே கை. எப்படிம்மா மட்டமாகும்?" என்றார்.

"என்னைக் கேக்காதீங்கண்ணா, நம்பரைக் கேளுங்க."

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

மூன்றாம் ஈடு வேண்டாம், வெளியிலிருந்து வாங்கலாம் என்று மேடம் முடிவு செய்துவிட்டார். பொடி அண்ணனின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு சரி. மதியம் பார்த்தால் மனிதர் குடுவைகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"ஏண்ணா இப்பவே?"

"அடுத்து வர்றவன் என்னைத் திட்டக் கூடாதுல்ல."

உண்மையைத்தானே சொன்னேன்? பிறகு ஏன் அந்தப் பக்கம் போகவே கால் வரமாட்டேன் என்கிறது?

பிப்ரவரி 11, புதன்

ஓட்டம் 44. இருபத்து நான்கு நிமிடம்.

பிப்ரவரி 16, திங்கள்

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை எண் மறுபடி தடாலென்று விழுந்தது. எல்லாத் திங்களும் இப்படித்தான். செவ்வாய், புதனில் கொஞ்சம்தான் இறங்கும். சனி ஞாயிறு என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை. ஹீலியம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, கழுவிக்கொண்டு. ஆக, அதிக நேரம் கழுவினால் அதிக மோசம். தலைகீழாக அல்லவா இருக்கவேண்டும்? கழுவ வருவதே அழுக்கைக் கொண்டுவந்தால்?

சிலிண்டரிலிருந்து குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். இரும்பு, இரும்பு, இரும்பு — ரப்பர்.

ஒரு சாண் ரப்பர். நான் போட்டது. இரண்டாம் ஈடு மாற்றக் கழற்றியபோது வளைவு இரும்புக் குழாய் விரிசல் விட்டது. புதிது கேட்டு மூன்று முறை எழுதினேன், "காரணம் போதாது" என்று கொள்முதல் பிரிவு மூன்று முறையும் திருப்பி அனுப்பியது. இரண்டு நாளைக்குத்தானே என்று ரப்பரைச் செருகினேன். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்லை. வாயு வெளியே கசியவில்லை, சரி. ஆனால் காற்றின் ஈரம் ரப்பர் வழியாக உள்ளே ஊறுமே! வாரக்கடைசி முழுக்கத் துளைகளுக்குள் தண்ணீர் போய் உட்கார்ந்திருக்கிறது. செனானுக்கு ஏது இடம்?

நோட்டில் வேறு எந்த மாற்றமும் இல்லைதான். நான் எழுதினால்தானே இருக்கும்!

ஒப்பந்த ஊழியர்களை நசுக்குகிறார்கள் என்று ஊருக்கெல்லாம் கத்துகிறேன். ஒரு ஒப்பந்த ஊழியரை நசுக்கியது யாருடி?

பிப்ரவரி 17, செவ்வாய்

முதலில் பொடி அண்ணனிடம் போனேன். ரப்பர் குழாயை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். அதை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"என் பொடிக்கு வந்தது ஜலதோஷம். நீ மரணச் சான்றிதழே எழுதிட்ட."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவரே சிரிக்கவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன? கூட்டத்துல சொன்னதைக் கூட்டத்துலயே திருப்பி எடு."

அக்காவிடம் சொன்னபோது, "வேலை போயிடுமாடி?" என்றாள். தெரியாது.

பிப்ரவரி 18, புதன்

எடுத்தேன். பதினான்கு பேர் முன்னால். மேடம், "ஏன் எழுதல?" என்றார். கொள்முதல் பிரிவு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "ரெண்டு நாள்ல மாத்திடுவேன், யாருக்கும் தெரிய வேணாம்னு நெனச்சேன்" என்றேன்.

பிறகு பொடி அண்ணன்தான் எழுந்தார். "ஈரம்தானே மேடம். வெற்றிடத்துல வெச்சு சூடாக்கினா தண்ணி போயிடும். பொடி சாகல."

பிப்ரவரி 20, வெள்ளி

யாரும் தொடாத பழைய இயந்திரத்திலிருந்து இரும்புக் குழாய் ஒன்றைக் கழற்றி, பொடி அண்ணனே வளைத்துப் பொருத்தினார். நான் பிடித்துக்கொண்டேன். "இறுக்கிப் பிடி. இதாவது உன் கையில ஒழுங்கா நிக்கட்டும்."

பழையபடி பேசிவிட்டார். போதும்.

பிப்ரவரி 23, திங்கள்

புதுக் கணக்கு, தினம் ஐந்தாறு ஓட்டம். ஓட்டம் 1. நாற்பத்தொரு நிமிடம். அதே இரண்டாம் ஈடு!

மார்ச் 2, திங்கள்

திங்கட்கிழமை. நாற்பத்தொன்று. இரண்டு தடவை பார்த்தேன்.

மார்ச் 19, வியாழன்

ஓட்டம் 100. நாற்பது நிமிடம், ஐம்பது நொடி.

மார்ச் 20, வெள்ளி

திட்டத்துக்கு இரண்டு வருடம் நீட்டிப்பு. பொடி அண்ணனுக்கும் இரண்டு வருடம். எனக்கு ஆறு மாதம் — ஏன் என்று மேடம் முகத்துக்கு நேராகவே சொன்னார். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் அநியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா கேட்டாள்: "அப்போ பொது வார்டுக்கு எப்ப வரும்?"

"வருஷக்கணக்கா ஆகும். வராமலும் போகலாம்."

"முன்னாடியெல்லாம் அடுத்த வருஷமே வந்துரும்னு சொல்லுவியே" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். இறங்கியது.

ஏப்ரல் 9, வியாழன்

புது நோட்டில் நானே அளவுகோல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறேன்: இன்று எதை மாற்றினோம், யார். முதல் வாரம் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது.

இன்று காலை திறந்தால், மேடத்தின் கோழிக் கிறுக்கல்: "ஹீலியம் வால்வைக் கால் சுற்றுக் கூட்டினேன். தவறு. திரும்பக் குறைத்தேன். நான்."

அதன் கீழே பொடி அண்ணன்: "மூன்றாம் ஈடு போட்டேன். குழாய்களைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் இரும்பு."