கோட்டைத் தாண்டிய பருப்புப்பொடி

அன்புள்ள அப்பாவுக்கு எழில் எழுதுவது. இருமல் குறைந்ததா? பூந்தமல்லியில் நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று லேபில் புரதம் அளக்கப் பழகினேன். புரதம் கூடக்கூட, நாங்கள் கலக்கும் சாயம் நீலமாகும். அளவு தெரிந்த கரைசல்களை வைத்து முதலில் வரைபடத்தாளில் ஒரு கோடு வரைவோம். தெரியாததை அந்தக் கோட்டில் வைத்துக் கண்டுபிடிப்போம். ஹாஸ்டல் சாம்பார் வெறும் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றது. நீங்கள் அரைத்த பருப்புப்பொடியோ, கோடு முடியும் இடத்தையே தாண்டிவிட்டது! நான் கோட்டை நீட்டி அளவு சொன்னேன்.

“இன்னாம்மா, ஜோசியமா? தண்ணி கலந்து மறுபடி பாரு” என்று சீனியர் தினகரன் அண்ணன் சிரித்தார். கரைசல் மீதியில்லை. டப்பாவிலிருந்த கடைசிக் கரண்டிப் பொடியையும் கரைத்தேன். பத்து மடங்கு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் கோட்டுக்குள் அடங்கியது.

பொடி வேண்டும் அப்பா. கூரியரில் கொட்டிவிடும், நீங்களே கொண்டுவாருங்கள். குடியாத்தம் பஸ் குமணன்சாவடியில் நிற்கும். காலேஜ் வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன். ஞாயிறு காலையிலிருந்தே ஸ்டாப்பில் இருப்பேன்.