தயாபரனிடம் வழக்கைக் கொடுத்தது

மே 5, திங்கள்

விடியவே வெயில். கடை திறக்கவில்லை. வேன் பொலிசில், லைசனும் பொலிசில்.

சனிக்கிழமை பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் மறித்தார்கள். பாசிக்குடா ஹோட்டலில் பெயின்ற் கொம்பனி கடைக்காரருக்கு வைத்த விருந்து முடிந்து வந்த வழி. பலூன் ஊதச் சொன்ன பொலிஸ்காரனுக்கு மீசைகூட ஒழுங்காக இல்லை. ஊதினேன். இன்னொருக்கா என்றான். அதையும் ஊதினேன்.

எடுத்தது: சாராயம் மூன்று, பியர் ஒன்று. இது இங்கே மட்டும். மற்ற எல்லாருக்கும் பியர் ஒன்று.

நீதிமன்றத் தவணை 20ஆம் திகதி. அம்மன் கோயில் வருஷச் சடங்கு தொடங்கும் கதவு திறப்பு ஜூன் 3. அதுதான் பயம். தாய்வழியில் வரும் எங்கள் குடிக்குக் கோயிலில் நான்தான் வண்ணக்கர், குடியின் பெயரில் நிர்வாகத்தில் நிற்பவன். முன்பு வண்ணக்கராக இருந்த மாமா கண் மூடும் வரை பதினொரு வருஷம் காத்துக் கிடந்து, போன வருஷம் கிடைத்த பதவி. ஒரேயொரு சடங்குக்குத்தான் முன்னுக்கு நின்று எங்கள் குடிக்கான வெற்றிலைத் தட்டு வாங்கினேன். அதுவும் போனால் ஊரில் நான் யார்? சீமெந்து விற்கிறவன்.

மே 6, செவ்வாய்

செய்ய வேண்டியவை:
- லோயர்
- கேட்பவர்களுக்கு: வேன் கராஜில்
- தலைவலிக் குளிசை

மனைவி ஒருநாளும் இல்லாத அன்போடு தேநீர் கொண்டுவந்தாள். அந்த அன்பைப் பார்க்கவே எரிச்சல்.

"இஞ்சாருங்க, காத்தான்குடியில ஒரு லோயர் இரிக்காராம். நம்மளத் தெரியாத மனிசன். அவரிட்டப் போங்களன்."

"நம்மட ஆள் இரிக்கக்க தெரியாதவனிட்ட என்னத்துக்குப் போற?"

"தெரியாதவர் எண்டதாலதான் சொல்றன்."

பொம்பிளைப் புத்தி என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன். தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பாதிதான் குடித்திருந்தேன்.

நம்முடைய ஆள் என்றால் தயாபரன், சின்னம்மாவின் மகன். இங்கே த. என்றால் அவன். என் அம்மாவும் அவன் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள், ஆகவே நானும் அவனும் ஒரே குடி. லோயர், களுவாஞ்சிக்குடியில் அலுவலகம் வைத்திருக்கிறான்.

மே 8, வியாழன்

புழுக்கம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். த. ஒரு மணித்தியாலம் காக்க வைத்தான். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான்.

கேட்டது: எத்தனை மணி, எந்த இடம், எத்தனை தரம் ஊதினது. எழுதி முடித்துவிட்டு:

"அண்ணன், குற்றத்த ஒத்துக்கொள்ளுங்க. ஒரே நாளில முடிஞ்சிரும். இழுத்தா ரெண்டு வருசம் போகும், ஊரெல்லாம் நாறும்."

"சண்டை பிடிக்க ஒண்ணாதா?"

"என்னத்த வச்சிப் பிடிக்கிற? பலூன் சொல்லிற்றே."

காசு எடுக்க முடியாது என்றுவிட்டான். உங்களிட்டயா நான் காசு வாங்குவன் என்றான். எனக்குக் கண் கலங்கியது. வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி "ம்" என்றாள், மீனைத் திருப்பிப் போட்டாள்.

மே 20, செவ்வாய்

நீதிமன்றம். எனக்கு முன்னால் மாட்டுக் களவு, பின்னால் பெண்சாதிக்குத் தாபரிப்புக் காசு கட்டாத வழக்கு. ஒப்புக்கொண்டேன். இரண்டு நிமிஷம். தண்டப்பணம். லைசன் ஆறு மாதத்துக்கு இல்லை.

த. தோளில் தட்டி, "முடிஞ்சிது அண்ணன்" என்றான். வெளியே ஒரு பிளேன்ரீ. இரண்டு கிழமைக்குப் பிறகு இன்றுதான் பசித்தது.

மே 24, சனி

கோயில் கூட்டம். செயலாளர் எழும்பிக் கோயில் யாப்பை, அதன் சட்டதிட்டங்களை, வாசித்தார்: நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவர் வண்ணக்கராக இருக்க முடியாது. போன வருஷம் நானும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறேன், வாசிக்காமல். எழுதித் தந்தவன் த.

எனக்குப் பதிலாக யார் என்று கேட்டார்கள். எங்கள் குடியில்தான் ஆள் எடுக்க வேண்டும், அது வழக்கம். பின்னாலிருந்து ஒருவர், "தயாபரன் தம்பி படிச்ச புள்ள" என்றார். த. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் சேந்து சொன்னா நான் என்ன செய்யிற" என்றான்.

கள்ளன். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன். காசு வாங்காதபோதே விளங்கியிருக்க வேண்டும்.

மே 26, திங்கள்

காத்தான்குடி போனேன், மனைவி சொன்ன அந்த லோயரிடம். மனைவிக்குச் சொல்லவில்லை. த. செய்தது துரோகம் என்று சட்டம் தெரிந்த ஒரு வாயால் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். துணிக்கடைக்கு மேல்மாடி. மனிதர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"அவர் சொன்னது செரிதான் அண்ணன். நானும் ஒத்துக்கொள்ளத்தான் சொல்லியிரிப்பன்."

எழும்பி வந்துவிடலாம் போலிருந்தது.

"ஆனா ஒண்டு கேட்டிரிப்பன். அரசாங்க வேலையா, கோயில்ல பள்ளிவாசல்ல பதவி இரிக்கா, தீர்ப்பு வந்தா எதெல்லாம் போகும் எண்டு. புதுசா வாற எல்லாரிட்டயும் கேக்கிறதான். அவர் கேக்கல்லயா?"

"அவனுக்குத் தெரியும்."

மேசைக் கலண்டரைப் புரட்டினார். பிறகு, "ஒரு தவணை தள்ளிக் கேட்டிரிக்கலாம். சடங்கு முடிஞ்சிரிக்கும்" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். தெரியாதவன் கேட்டிருப்பான். தெரிந்தவன் கேட்கவில்லை. மனைவி சொன்னது சரி. அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

மே 27, செவ்வாய்

த.வுக்குப் போன் எடுத்தேன். "ஒரு தவணை தள்ளியிரிக்கலாமே."

"நீங்க கேக்கல்லயே அண்ணன்."

"ஒனக்குத் தெரியாதாடா?"

"குடிச்சது நீங்கதானே."

வைத்துவிட்டான். அவனுக்கும் பியர் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தேன். மிச்சத்தைப் பலூன் சொல்லியிருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

பின்னேரம் மழைக்குணம், பெய்யவில்லை. கதவு திறப்பு. போவதில்லை என்று இருந்தேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள் என்று போனேன். சனத்துக்குள், தூணுக்குப் பக்கத்தில்.

எங்கள் குடியைக் கூப்பிட்டார்கள். த. புது வேட்டியோடு போய்த் தட்டை வாங்கினான். என்னைப் பார்ப்பார்கள் என்று முகத்தை இறுக்கி வைத்திருந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மா மட்டும் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனா. தீர்ப்பு வந்த நாளிலிருந்து இரண்டு கிழமையாக என்னோடு ஒன்றும் கதைக்காத அம்மா. அவனை நாலு வார்த்தை கேட்கப்போகிறா என்று நினைத்தேன், சத்தியமாக. அவ த.வின் தலையில் கை வைத்து, நெற்றியை வழித்து, தட்டிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டு சிரித்தபடி என்னிடம் வந்தா.

"அம்மா, அவன் என்ட இடத்தப் பறிச்சிற்றான்."

"என்ன மனே பறிச்ச? என்ட தங்கச்சிட புள்ளதானே. தட்டு நம்மட குடிய உட்டுப் போகல்ல. நீ ஒரு வருசம் நிண்டாய். இவன் கனகாலம் நிப்பான்."